பலகைச் சந்தா

இலங்கை மலைநாட்டில் கினிகத்தேனைக் கடைவீதி காலையில் பலகைச் சத்தத்தோடுதான் கண்விழிக்கும். அந்தக் காலத்தில் கடைகளுக்கு இரும்புக் கதவு கிடையாது. வாசலின் மேலேயும் கீழேயும் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். அதில் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகித் தள்ளினால் கடை மூடிக்கொள்ளும். காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் சாத்தினால் கடை திறந்துகொள்ளும். பெரிய கடைக்குப் பலகை அதிகம், சின்னக் கடைக்குக் குறைவு. குடை செபமாலையின் கடைக்கு இரண்டே இரண்டு. ஒரு பலகையைக் கழற்றினால் அவர் உள்ளே போகலாம், மற்றதையும் கழற்றினால்தான் வெளிச்சம் உள்ளே போகலாம் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

அந்தப் பொந்துக்குள் உட்கார்ந்து அவர் குடைக்குக் கம்பி மாற்றுவார், லாந்தருக்கு ஈயம் பற்றவைப்பார், தகரத்தில் புனல் செய்வார். வருஷத்தில் பாதி நாள் மழை கொட்டும் ஊரில் குடை ரிப்பேர்க்காரருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. காசுக்குத்தான் பஞ்சம். தோட்டத்து மேற்பார்வைக் கண்டாக்கையா தொடங்கிக் கங்காணி வரை எல்லோரும் குடையை இன்றைக்குக் கொடுப்பார்கள், காசைச் சம்பளத்துக்குப் பிறகு கொடுப்பார்கள். எந்த மாதச் சம்பளம் என்று மட்டும் சொல்லமாட்டார்கள்.

செபமாலை பிறந்தது நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். இருபத்தைந்து வயதில் தொழிற்சாலை ரோலரில் இடது கையின் இரண்டு விரல்களைப் பறிகொடுத்தார். கை ஆறும்வரை காத்திருந்த தோட்டம், ஆறியதும் பேரை வெட்டியது. தோட்டத்தில் பேர் என்றால் வெறும் பெயரல்ல. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள், பறித்த கொழுந்து குறைந்தால் அரைப் பேர். பேர் வெட்டு என்றால் வேலையும் இல்லை, லயத்துக் காம்பரா என்கிற குடியிருப்பு அறையும் இல்லை. அப்படி வெட்டுப்பட்டு வந்தவர், பழைய குடைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டார்.

இரண்டாம் முறை அவருடைய பேரை நாடே வெட்டியது. நாற்பத்தேழாம் ஆண்டுத் தேர்தலில் ஒரே ஒரு தடவை ஓட்டுப் போட்டார். அடுத்து வந்த சட்டங்களில் தோட்டத்து ஜனங்களின் பிரஜாவுரிமை போயிற்று, ஓட்டும் போயிற்று. அதற்குப் பிறகு செபமாலைக்கு இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தது ஒரே ஓட்டு. அது கினிகத்தேனைக் கடைக்காரர் சங்கத்தில் இருந்தது. அதை அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். சங்கக் கூட்டம் என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவார்.

ஐம்பத்தேழாம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆற்றோரம் ஓயாக்கரைப் பக்கத்தில் இருந்த, செபமாலையுடையதும் சேர்த்துப் பதினொரு சின்னக் கடைகளுக்கும் ஒரு கடுதாசி வந்தது. முழுக்கச் சிங்களம். எதிர்வரிசையில் பேக்கரி வைத்திருந்த குணதாசதான் வாசித்துச் சொன்னார். வீதியை அகலமாக்கப் போகிறார்களாம், பதினொரு கடையும் இடத்தை விட்டு எழும்ப வேண்டுமாம், எதிர்ப்பு இருந்தால் எழுத்தில் அறிவிக்கலாமாம். அதற்குமேல் அவருக்கும் விளங்கவில்லை. "அரசாங்கக் கந்தோர்ச் சிங்களம் வேற, நம்ம பேசுற சிங்களம் வேற செபமாலை. எனக்கும் பாதிதான் வெளங்குது" என்று தலையைச் சொறிந்தார்.

பெரிய கடைக்காரர்களுக்கும் அதே தலைவலிதான். லைசன்ஸ், அரிசிக் கூப்பன் என்று எல்லாக் கடுதாசியும் சிங்களத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. ஆகவே சங்கம் ஒரு காரியம் செய்தது. தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் யேசுரட்ணத்தின் மகள் பெற்றீசியாவைச் சங்கத்துக்குக் கிளாக்கராக வைத்தது. ஹற்றனில் கன்னியாஸ்திரிகளிடம் படித்த பெண், தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றும் கையெழுத்துப் போல வரும். சம்பளம் மாதம் எழுபது ரூபாய். அவள் வந்த வாரமே பதினொரு கடைக்கும் மறுப்பு எழுதி அனுப்பினாள். விசாரணைக்குக் கூப்பிடும்போது சங்கத்தின் சார்பில் அவளே வந்து பேசுவதாகவும் அதில் எழுதினாள். செபமாலைக்கு உயிர் திரும்பி வந்தது.

ஆனால் எழுபது ரூபாய் எங்கிருந்து வரும்? சந்தா எல்லோருக்கும் மாதம் இரண்டு ரூபாய். இருபத்துநாலு பலகை மொத்த வியாபாரக் கடைக்கும் இரண்டு ரூபாய், இரண்டு பலகைக் குடைக் கடைக்கும் இரண்டு ரூபாய். முதலாவதுக்கு அது சாக்கிலிருந்து சிந்துகிற பருப்பு. இரண்டாவதுக்கு இரண்டு நாள் உழைப்பு. சின்னக் கடைக்காரர்கள் கட்டமுடியாமல் நின்றார்கள். மூன்று மாதம் பாக்கி நின்றால் சங்கத்துப் புத்தகத்தில் பேர் வெட்டு. செபமாலை அப்போது இரண்டு மாதம் நின்றிருந்தார்.

ஜூன் மாதம் பிறந்ததும் பெற்றீசியா குடைக் கடை வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, போன மாசம் பாதிச் சம்பளந்தான் தந்தாங்க. ஹற்றன் பள்ளிக்கூடத்துல எனக்கு டீச்சர் வேலை இருக்குன்னு மதர் எழுதியிருக்காங்க. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்."

"நீ என்ன சொல்லப் போற புள்ள?"

"எனக்கு இங்க இருக்கத்தான் ஆசை. ஆனா அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம், மருந்து எடுக்கணும். வீட்டுல நாலு பேரு சாப்புடணும்."

செபமாலை குடைக் கம்பியை வளைத்துக்கொண்டே யோசித்தார். அவள் போய்விட்டால் விசாரணைக்கு யார் போவார்கள்? கடை போய்விடும். கடை போகாவிட்டாலும் இந்த மாதத்தோடு சங்கத்தில் பேர் போய்விடும். மூன்றாம் தடவை பேர் வெட்டுப்பட அவருக்கு மனம் இல்லை. அடுத்த நான்கு நாளும் காலையில் கையில் வேலை ஓடாமல், கடைவீதி திறக்கிற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். டக், டக், டக் என்று பேக்கரியில் பத்து. துணிக் கடையில் பதினாறு. மொத்தக் கடையில் இருபத்துநாலு. அது முடிவதற்குள் ஒரு தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிடலாம். வியாழக்கிழமைதான் அவருக்குப் பளிச்சென்றது. எந்தக் கடை எவ்வளவு பெரிது என்று ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை. தினமும் காலையில் அவரவரே ஊர் கேட்கச் சொல்லிவிடுகிறார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் சங்கக் கூட்டம். பேக்கரியின் பின்பக்கத்தில்தான் கூடுவது வழக்கம், அடுப்புச் சூட்டில் குளிர் தெரியாது. தலைவர் மொத்தக் கடைக் கணேசமூர்த்தி முதலாளி. கெட்ட மனிதர் இல்லை. கொடுப்பதற்கு முன்னால் இரண்டு தரம் எண்ணுவார், அவ்வளவுதான்.

"கிளாக்கர் மிஸ் வேணும்னா சந்தாவை மூணு ரூவா ஆக்கணும்" என்றார் முதலாளி. "எல்லாருக்கும் ஒரே ஓட்டு. அப்ப எல்லாருக்கும் ஒரே சந்தா. இதுல என்ன அநியாயம்?"

வருமானத்தைப் பார்த்துச் சந்தா வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். கூட்டமே சிரித்தது. வரிக் கந்தோருக்கே காட்டாத வருமானத்தைச் சங்கத்துக்குக் காட்ட அங்கே யாருக்கும் பைத்தியம் பிடித்திருக்கவில்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் செபமாலை எழுந்துவிட்டார்.

"பலகையை எண்ணிப் போடுவோங்க. பலகைக்கு இருவத்தஞ்சு சதம். ரெண்டு பலகைன்னா அம்பது சதம். இருவத்துநாலுன்னா ஆறு ரூவா. யாரும் கணக்குக் காட்ட வேணாம். ரோட்டுல போற வார எல்லாருக்கும் தெரியும்."

எல்லோரும் மனசுக்குள் தங்கள் பலகையை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பெற்றீசியா மட்டும் பென்சிலால் ஏதோ கூட்டிப் பார்த்துவிட்டு, "எழுவத்தெட்டு ரூவா வருது" என்றாள்.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "நோட்டீசு வந்தது ஓயாக்கரைக் கடைகளுக்கு. ஒன் கடையக் காப்பாத்த என் பலகைய எண்ணுறியா செபமாலை?"

"ஆமாங்க மொதலாளி. என் கடை போகக் கூடாதுன்னுதான் கேக்குறேன், மறைக்கல்ல. ஆனா போன மாசம் மிஸ் எழுதின கடுதாசி முப்பத்தொண்ணு. நான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அதுல ஒங்களுக்கு பதினாலு. எனக்கு ஒண்ணு."

சிரிப்பு இந்தத் தடவை முதலாளி பக்கம் திரும்பியது. அவர் விடவில்லை. "சரி. பலகைக்குத் தக்கன காசுன்னா, பலகைக்குத் தக்கன ஓட்டும் வேணும். அம்பது சதக்காரனுக்கு எதுக்கு முழு ஓட்டு?"

உட்காரப் போன செபமாலை நின்றுவிட்டார். எதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாரோ அதிலேயே கை வைக்கிறார்கள்.

"தோட்டத்துல அரைப் பேர் பாத்திருக்கேன் மொதலாளி. அரை ஆளைப் பாத்ததில்ல. அரைப் பேர் போட்ட அன்னைக்கும் முழுசாத்தான் பசிச்சிச்சு."

குணதாச எழுந்து, "ஏக ஹொந்தய், அது நல்ல பேச்சு" என்று இரண்டு மொழியிலும் சொன்னார். "என்ட பலகை பத்து. நான் குடுக்கிறேன். ஓட்டு ஆளுக்கு ஒண்டுதான்." கைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. செபமாலை மூன்று விரல் கையைத்தான் தூக்கினார். தீர்மானம் நிறைவேறியது.

இதையெல்லாம் பேக்கரிப் பின்வாசலில் நின்று ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ் நிற்கிற மதிலோரம் கீரையும் வெற்றிலையும் விற்கிற வேலாயி. தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றைத் தரையில் போட்டு, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். வீதி அகலமானால் அந்த மதிலும் போகும். ஆனால் அவளுக்கு நோட்டீசுகூட வரவில்லை. கூட்டம் கலைந்தபோது செபமாலை வெற்றிக் களிப்பில் அவளைக் கவனிக்காமலே தாண்டிப் போனார்.

களிப்பு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை காலை மொத்தக் கடைப் பலகைச் சத்தம் சீக்கிரமே நின்றுவிட்டது. செபமாலை எட்டிப் பார்த்தார். முதலாளி தச்சுப் பாஸ் என்று ஊர் கூப்பிடுகிற தச்சரைப் பிடித்து, பழைய பலகைகளையெல்லாம் கழித்துவிட்டு, இரண்டு மடங்கு அகலத்தில் புதிய பலகைகள் போட்டிருந்தார். இப்போது பன்னிரண்டே பன்னிரண்டு. இரண்டு ஆள் பிடித்தால்தான் ஒரு பலகை நகர்ந்தது. மதியத்துக்குள் துணிக் கடைக்காரரும் அதே பாஸைத் தேடி ஆள் அனுப்பிவிட்டார்.

செபமாலை கையிலிருந்த குடையைக் கீழே போட்டார். கோபம் முதலாளி மேலா, இப்படி ஓர் ஓட்டையைப் பார்க்காமல் விட்ட தன் மேலா என்று அவருக்கே தெரியவில்லை. குடைத் துணியில் சின்ன ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்துக் கண்டுபிடிக்கிற மனிதர், இதைக் கோட்டை விட்டுவிட்டார். பெற்றீசியா அன்று ஒரு தடவைதான் அந்தப் பக்கம் வந்தாள். "மதருக்கு இன்னும் பதில் போடல்ல மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு மழை பிடித்தது. வெள்ளி மாலை தொடங்கி இரண்டு நாள் விடவே இல்லை. அந்த மழையோடே வந்தது சம்பள ஞாயிறு. தோட்டங்களில் சம்பளம் போட்ட பிறகு வருகிற ஞாயிறு. சுற்றியுள்ள மலையெல்லாம் அரிசிக்கும் கருவாட்டுக்கும் கினிகத்தேனைக்கு இறங்கும் நாள். ஒரு மாத வியாபாரத்தில் பாதி அந்த ஒரு நாளில்தான்.

அன்று மொத்தக் கடை திறக்கவில்லை. திறக்க முடியவில்லை. முதலாளியின் அவசரத்துக்குப் பாஸ் ஈரம் காயாத மரத்தை அறுத்துப் போட்டிருந்தார். அகலப் பலகை மழையைக் குடித்து ஊதி, காடிக்குள் ஆணி அடித்ததுபோல இறுகிவிட்டது. நாலு பேர் இழுத்தார்கள், முதலாளியே தோளைக் கொடுத்து உந்தினார். பலகை அசையவில்லை. வெளியே கம்பளிக்கும் சாக்குக்கும் கீழே நூறு பேர் நின்றார்கள். "மொதலாளிக்கு சங்கத்துல மூணு ரூவா மிச்சம்" என்று யாரோ கத்த, கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

பூசை முடிந்து வந்த செபமாலை, வெள்ளைச் சட்டையோடு இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியதை அவர் பிற்காலத்தில் மறைத்துச் சொன்னதில்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் நாலு நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, தகரம் வெட்டுகிற கத்தரியும் ஒரு டப்பாவும் எடுத்துக்கொண்டு வந்தார். டப்பாவில் கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகள். குடைக் கம்பி வழுக்கி ஓட அவர் பூசுவது அதைத்தான். தகரத்தை மெல்லிய பட்டைகளாக வெட்டி, மெழுகு தேய்த்து, பலகைக்கும் காடிக்கும் நடுவில் ஒவ்வொன்றாக நுழைத்தார். கொஞ்சம் தட்டினார், கொஞ்சம் நெம்பினார். முக்கால் மணி நேரத்தில் முதல் பலகை முனகிக்கொண்டே நகர்ந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் கடை திறந்துவிட்டது.

முதலாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "எவ்வளவு வேணும்?" என்றார்.

"வேலைக்கு ரெண்டு ரூவா. தகரத்துக்கு முப்பது சதம்."

அவர் கொடுத்தார். இந்தத் தடவை ஒரு தரம்தான் எண்ணினார். செபமாலை காசை வாங்கி மடித்துக்கொண்டு, சத்தம் போடாமல் கேட்டார். "மாசக் கடைசி வருதுங்க. புத்தகத்துல பன்னண்டுன்னு எழுதச் சொல்லவா, இருவத்துநாலுன்னு எழுதச் சொல்லவா?"

முதலாளி பலகைகளைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பலகைய எண்ணாத செபமாலை. எவனும் மாத்திருவான், நானே மாத்தினேனே. காடிய அள. ஒம்பது அங்குலத்துக்கு ஒரு பலகைன்னு வையி. காடியில கை வச்சா கூரையே எறங்கும், அத எவனும் மாத்த மாட்டான்."

ஓட்டையைப் போட்டவரே ஒட்டும் போட்டுக் கொடுத்தார். அன்று முழுக்கச் செபமாலை தரையில் நடக்கவில்லை. மறுநாள் அவரும் குணதாசவும் கயிறு பிடித்து வீதி முழுக்கக் காடி அளந்தார்கள். பெற்றீசியா குடைக்குக் கீழே நின்று எழுதினாள். அந்த மாதம் முப்பதாம் திகதி, பழைய பாக்கியெல்லாம் தள்ளுபடி செய்து, பேக்கரியில் புதுச் சந்தா வாங்கினார்கள். எழுபத்தெட்டு ரூபாய், ஒரு சதம் குறையவில்லை. பெற்றீசியா மதருக்கு எழுதிய கடிதத்தைத் தானே தபாலில் போட வேண்டும் என்று செபமாலை வாங்கிக்கொண்டு போனார். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் தபால் பெட்டிக்குள் விழும் சத்தத்தைக் கேட்க அவருக்கு ஆசை.

திரும்பி வந்தபோது புத்தகத்தை மூடப் போனார்கள். அப்போதுதான் வேலாயி உள்ளே வந்தாள். கக்கத்தில் அந்தத் தேயிலைப் பெட்டிப் பலகை, சேறு கழுவி இருந்தது. அதை மேசைமேல் வைத்தாள்.

"இத அளங்கண்ணே."

"என்ன வேலாயி இது?"

"பலகை இருந்தாத்தானே சங்கம்? நான் ஒக்கார்றது பலகையிலதான். பதினோரு வருசமா இதே ரோட்டுல ஏவாரம் பண்றேன். என் பேரையும் எழுதுங்க."

துணிக் கடைக்காரர், "கடையே இல்லாத ஆளை எப்படி..." என்று இழுத்தார். செபமாலைக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. எல்லாக் கடையையும் காதாலேயே எண்ணியவர், சத்தம் போடாமல் திறக்கிற இந்த ஒரு கடையை எண்ணவில்லை. பேர் இல்லாமல் போவது என்னவென்று அந்தக் கூட்டத்திலேயே அதிகம் தெரிந்தவர் அவர். அவர்தான் அவளை விட்டுவிட்டார். வெட்கத்தோடு அளவு நாடாவை எடுத்துப் பலகைமேல் வைத்தார்.

"பதினோரு அங்குலம்" என்றார். "ஒரு பலகைன்னு எழுது புள்ள. வேலாயி, பலகை ஒண்ணு."

பெற்றீசியா ஏற்கெனவே எழுதத் தொடங்கியிருந்தாள். முதலாளி தலையாட்டினார். வேலாயி சேலைத் தலைப்பில் முடிந்திருந்த இருபத்தைந்து சதத்தை எடுத்து வைத்துவிட்டு, "இனிமே நானும் கை தூக்கலாந்தானே?" என்று கேட்டாள்.

விசாரணை அடுத்த வருஷத் தொடக்கத்தில் வந்தது. பெற்றீசியா இரண்டு மணி நேரம் சிங்களத்தில் பேசினாள். வீதி அகலமாவதை அவளால் தடுக்க முடியவில்லை. ஆனால் இடம் விட்டு எழும்புகிற கடைகளுக்கு மேட்டுப் பக்கம் வேறு இடம் கொடுப்பதாக அதிகாரி ஒத்துக்கொண்டார். யார் யாருக்கு என்று கேட்டார். ஓயாக்கரைக்காரர்களிடம் காணி உறுதிப் பத்திரம் இல்லை, ஒப்பந்தம் இல்லை. சிலரிடம் வாடகைத் துண்டுகூட இல்லை. பெற்றீசியா சந்தாப் புத்தகத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். மாதம் தவறாமல் பேர், பேருக்கு நேரே பலகை, பலகைக்கு நேரே காசு. அதிகாரி எழும்ப வேண்டியவர்களின் பேரை ஒவ்வொன்றாக வாசித்துக் குறித்துக்கொண்டு போனார். பதினொரு கடைக்கு நோட்டீசு போயிருந்தது. புத்தகத்தில் இருந்து அவர் குறித்தது பன்னிரண்டு.

மேட்டுப் பக்க வரிசையில் கடைசியாக ஒரு பெட்டிக் கடை எழும்பியது. அதற்கு ஒரே ஒரு பலகை. அதைச் செபமாலை சும்மா செய்து கொடுத்தார், காடிக்கு மெழுகும் பூசிக் கொடுத்தார். பெற்றீசியா ஒன்பது வருஷம் சங்கத்தில் இருந்தாள். செபமாலைக்கு நாட்டில் ஓட்டு சாகும்வரை கிடைக்கவில்லை. சங்கத்தில் ஒரு கூட்டமும் தவறவில்லை.

புதுக் கடை திறந்த முதல் மாதம் செபமாலையே சந்தா வாங்கப் போனார். வேலாயி ஐம்பது சதக் காசு ஒன்றை நீட்டினாள்.

"ஒரு பலகைதானே வேலாயி. இருவத்தஞ்சு சதம் போதும்."

அவள் சற்று நகர்ந்து காட்டினாள். கடைக்குள்ளேயும் அவள் உட்கார்ந்திருந்தது அந்தப் பழைய தேயிலைப் பெட்டிப் பலகையின் மேல்தான்.

"மொதல்ல பேர் வாங்கிக் குடுத்தது இதுதானேண்ணே. இதுக்கும் சேத்து எழுதுங்க."